பக்கத்து லேனில் கொட்டாவி

அவள் சொன்ன பொய்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது முதல் பொய்தான்.

சென்னையில் மாநில அளவிலான போட்டி. பார்வையற்றோர் பிரிவில் நானூறு மீட்டர் ஓட நான் போயிருந்தேன். எங்கள் பிரிவில் தனியாக ஓட முடியாது. பார்வையுள்ள ஒருவர் கூடவே ஓட வேண்டும். கைடு என்பார்கள். என் கையையும் கைடின் கையையும் ஒரு குட்டை நாடா இணைத்திருக்கும். அவர் என்னை இழுக்கக் கூடாது, தள்ளக் கூடாது, எனக்கு முன்னால் முடிவுக் கோட்டைத் தாண்டவும் கூடாது. வளைவு வருகிறது, நேராகப் போ, இன்னும் கொஞ்சம்தான் என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் ஓடி வரலாம். அவ்வளவுதான்.

அவள் என் கைடாக வந்த முதல் போட்டி அது. கொஞ்சம் பார்வை மிச்சமிருப்பவர்களுக்கும் சமமாக இருக்க எல்லாருக்கும் கட்டும் கண்கட்டை இறுக்கிக்கொண்டு நின்றேன். உள்ளங்கால் வேர்த்து ஷூவுக்குள் வழுக்கியது.

"பக்கத்து லேன்ல யாருடி?" என்றேன்.

"ஒரு பொண்ணு. கொட்டாவி விட்டுக்கினு நிக்குது. தூக்கம் பத்தல போல."

"அதுக்கு அந்தாண்ட?"

"அது ஷூ லேஸு கட்டத் தெரியாம அவங்க கைடு கிட்ட திட்டு வாங்கிக்கினு கீது."

"ஜனம் நிறையவா?"

"எங்க ஜனம்? கேலரியில ஒரே ஒரு வாட்ச்மேன் குந்திக்கினு மல்லாட்ட ஒடச்சு துன்னுக்கினு கீறாரு."

நம்பினேன். நம்பாமலிருக்கக் காரணமும் இல்லை. சத்தமே கேட்கவில்லை. எங்கள் ஓட்டம் தொடங்கும்போது கைடு சொல்வது காதில் விழ வேண்டும் என்பதற்காகக் கூட்டத்தை அமைதியாக இருக்கச் சொல்வார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. துப்பாக்கி வெடித்தது. கடைசி நேர்கோட்டுக்குள் திரும்பியபோது தகரக் கூரையில் ஆலங்கட்டி கொட்டுவதுபோல் ஒரு சத்தம் எழுந்து என் மேல் விழுந்தது. ஒரு வாட்ச்மேனால் அப்படிக் கத்த முடியாது.

இரண்டாவதாக வந்தேன். முதலாவதாக வந்தவளிடம் கை கொடுத்தேன். உலக்கை பிடித்த கை போல் இருந்தது. பல வருடங்களாக அந்த ஓட்டத்தில் அவளைத் தோற்கடிக்க ஆளில்லை என்று பிறகு தெரிந்தது.

"கொட்டாவி விட்டது இவங்களா?" என்று கேட்டேன்.

"சேச்சே, அது வேற பொண்ணு. அது பாதி வழியிலயே தூங்கிட்ச்சு."

தன் பெயரைப் போட்டு எழுதாதே என்று என் கைடு சொல்லியிருக்கிறாள். போட்டால் அது நானில்லை என்று சாதிப்பாளாம். சாதிப்பாள்.

நான் பெருமுக்கல் பக்கத்து ஊர்க்காரி. திண்டிவனத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அவள் விழுப்புரம். அவளுடைய அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர். அவளும் பள்ளி நாட்களில் நானூறு மீட்டர் ஓடியவள்தான். எங்கள் பயிற்சியாளர் எனக்குக் கைடு தேடிக்கொண்டிருந்தபோது, என்னைவிட நன்றாக வேகமாக ஓடக்கூடிய ஒருத்தி மைதானத்துக்குத் தினமும் வந்து யாருடனும் போட்டி போடாமல் தனியாக ஓடிவிட்டுப் போகிறாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். போட்டிகளில் ஓடுவதை ஏன் விட்டாய் என்று நான் பல முறை கேட்டிருக்கிறேன். ஒரு முறை முட்டி வலி என்றாள். இன்னொரு முறை ஸ்பைக்ஸ் ஷூ காணாமல் போய்விட்டது என்றாள். ஒரு முறை நாய் கடித்துவிட்டதாகச் சொன்னாள். எங்கே கடித்தது என்று கேட்டதற்கு, "கடிக்கத்தான் வந்துச்சு, நான் ஓடிட்டேன்" என்றாள்.

நான் திண்டிவனத்திலிருந்து பாசஞ்சர் ரயிலில் விழுப்புரம் வருவேன். பெண்கள் பெட்டி நிற்கும் இடத்தில் காத்திருந்து, இறங்குவதற்குள் கையைப் பிடித்துவிடுவாள். மைதானம் வரை வாய் ஓயாது. வழியில் இருப்பதை எல்லாம் எனக்குச் சொல்லிக்கொண்டு வருவாள், இல்லாததையும் சேர்த்து. ஜங்ஷனுக்கு வெளியே ஒரு யானை நிற்கிறது என்று ஒரு நாள் சொன்னாள். சாணி வாசம் வந்ததால் பாதி நம்பினேன். "யானையாடி?" என்று நான் கையை நீட்டியபோது ஒரு மாடு என் உள்ளங்கையை நக்கியது.

லீவு நாட்களில் எங்கள் ஊருக்கே வந்துவிடுவாள். பெருமுக்கல் மலைப் படிகளில் ஏறிப் பயிற்சி செய்வோம். எந்தப் படியில் இருந்தாலும் "தோ கோயில் வந்துட்ச்சு" என்பாள். உச்சியில் இருக்கும் கோயில் வரவே வராது. அப்பா வேகவைத்த மல்லாட்டை கொடுப்பார், வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர். ஒரு நாள் அதைத் தின்றுகொண்டே என் அம்மாவிடம், போன வாரப் போட்டியில் நான்தான் முதலாவது என்று அளந்தாள். நான் நான்காவதாக வந்திருந்தேன்.

"மெடலு எங்க?" என்றாள் அம்மா.

"ஸ்டாக் தீந்துட்ச்சுங்க. போஸ்ட்ல வரும்னு சொன்னாங்க."

அம்மா நெடுநாள் தபால்காரரை விசாரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பொய்க்காக மட்டும் நான் அவளோடு சண்டை போட்டேன்.

மற்றபடி, அந்த முதல் போட்டிக்குப் பிறகு மைதானத்தில் அவள் பொய் சொன்னால் எனக்கு எப்போதும் தெரிந்துவிடும். நாடா காட்டிக்கொடுத்துவிடும். உண்மையைச் சொல்லும்போது அவள் கை சும்மா இருக்கும். பொய் சொல்லும்போது கட்டைவிரல் நாடாவைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். அவளுக்கே அது தெரியாது. தெரிந்தும் நான் ஏன் ஒவ்வொரு முறையும் "பக்கத்துல யாருடி?" என்று கேட்டேன் என்றால், கேட்காமல் நின்றால் என் கால் என்னுடையதாக இல்லை. அவள் பேசப் பேசத்தான் அது எனக்குத் திரும்பி வந்தது.

பார்வையற்ற ஓட்டக்காரர்களுக்கான ஒரு பயிற்சி முகாமுக்குச் சென்னையிலிருந்து ஒரு மேடம் வந்தார். போட்டிக்கு முன்னால் மனத்தை எப்படித் தயார் செய்வது என்று விளையாட்டு வீரர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. குரல் இதமாக இருந்தது. எல்லாரையும் தரையில் உட்கார வைத்துவிட்டு, "இப்ப எல்லாரும் மெதுவா கண்ணை மூடிக்கோங்க" என்றார்.

பின்னாலிருந்து ஒரு பையன், "ரெடி மேடம்" என்றான்.

அறையே சிரித்தது. அதிக நேரம் சிரித்தது மேடம்தான். பிறகு, "சரி, காதைத் திறந்து வச்சுக்கோங்க. துப்பாக்கி வெடிக்குது, முதல் காலடி எப்படிக் கேக்குதுன்னு நினைச்சுப் பாருங்க" என்று மாற்றிக்கொண்டார். நன்றாகவே இருந்தது. இன்றைக்கும் ஓட்டத்துக்கு முன்னால் அதைச் செய்கிறேன்.

முடிவில், பயம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டார். ஒருத்தி முருகன் பேரைச் சொல்வேன் என்றாள். ஒருவன் சூயிங் கம் என்றான். என் முறை வந்தபோது, "என் கைடு பொய் சொல்லுவா மேடம்" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என் தொடையில் கிள்ளினாள்.

எல்லாரும் போன பிறகு மேடம் எங்கள் இருவரையும் நிறுத்திக்கொண்டார். என்னென்ன பொய் என்று விசாரித்தார். கொட்டாவி, ஷூ லேஸ், வாட்ச்மேன் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அது பொய்னு உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும் மேடம்."

"தெரியுமா?" என்றாள் அவள். அப்படி ஒரு குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை. ஏமாற்றியவள் ஏமாந்த குரல்.

மேடம் எங்கள் எதிரே வந்து உட்கார்ந்தார். "பொய்னு தெரிஞ்சும் உதவுதுன்னா, உதவுறது பொய் இல்ல. வேற ஏதோ. அது என்னன்னு ரெண்டு பேரும் கண்டுபிடிங்க. பெரிய போட்டி வேண்டாம், சின்னப் போட்டி ஒண்ணுல உண்மையை மட்டும் சொல்லிப் பாருங்க."

சொல்லிப் பார்த்தோம். மாவட்ட அளவில் ஒரு போட்டி, விழுப்புரத்திலேயே.

"பக்கத்துல யாருடி?"

"நல்ல ஒயரம். தொடை ரெண்டும் மரம் மாதிரி கீது. அதுக்கு அந்தாண்ட ஒன்னு புதுசு. வார்ம்அப்லயே செம ஸ்பீடா ஓடிச்சு."

"ஜனம்?"

"நெறைய." அந்த ஒரு சொல்லுக்குள் அவள் குரல் தேய்ந்து காணாமல் போனது.

நாடா நடுங்கியது. நான்தான் நடுங்குகிறேன் என்று முதலில் நினைத்தேன். கையைத் தளர்த்திப் பார்த்தேன். அப்போதும் நடுங்கியது. துப்பாக்கி வெடித்தபோது அவள் கால் எடுக்கத் தாமதித்தாள். வளைவு வருகிறது என்று சொல்ல மறந்தாள். இருவர் காலடியும் ஒன்றோடொன்று சேரவே இல்லை. கடைசியாக வந்தோம். கோட்டைத் தாண்டியதும் புல்லில் உட்கார்ந்து அழுதாள். தோற்றவள் நான். ஆறுதல் சொன்னவளும் நான்.

மேடத்துக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "உன்னை பயமுறுத்துனது உண்மை இல்லம்மா. அவ குரல். அவ கிட்ட கேளு" என்றார்.

அன்று மாலை விழுப்புரம் ஜங்ஷனில் திண்டிவனம் போகும் ரயில் தாமதம். பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். சமோசா வாங்கி வந்தாள். சமோசா தீர்ந்த பிறகு அவளாகவே ஆரம்பித்தாள்.

"நாயி கடிக்கலடி."

"தெரியும்."

"முட்டியும் நல்லாத்தான் கீது." காகிதத்தைக் கசக்கினாள். "பிராக்டீஸ்ல பசங்களையே முந்துவேன். போட்டின்னா முன்னாடி ஓடுறவங்க முதுகு கண்ணுல படும் பாரு, அவ்ளோதான். காலு நின்னுடும். விழல, அடிபடல. சும்மா நின்னுடுவேன். எல்லாரும் போய்க்கினே இருப்பாங்க, நான் டிராக் நடுவுல மரம் மாதிரி நிப்பேன். பள்ளிக்கூடத்துல மூணு போட்டியில அப்டி ஆச்சு. எங்கம்மா ஒரு தபா வேலைய வுட்டுட்டு பாக்க வந்துச்சு. அன்னிக்கும் நின்னுட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க."

"என்னோட ஓடுறப்ப நின்னதில்லியே?"

"அது உன் போட்டி. நான் உன் தோளத்தான் பாத்துக்கினு வருவேன். வேற யாரையும் பாக்க மாட்டேன். அந்தக் கொட்டாவி, லேஸு எல்லாம் உனக்காக சொல்லலடி. எனக்கு நானே சொல்லிக்கினேன். நீயும் கேட்டுக்கினே, அவ்ளோதான்."

ரயில் வந்தது. என்னைப் பெட்டியில் ஏற்றிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு, "உள்ள எல்லாம் காலி சீட்டு" என்றாள். உட்கார இடமில்லாமல் திண்டிவனம் வரை நின்றுகொண்டே போனேன்.

அதன் பிறகு நாங்கள் பழையபடியே ஓடினோம். அவள் வாய் கூசாமல் பொய் சொன்னாள். நான் வெட்கப்படாமல் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினேன். ஒரு கொழுத்த பொய்யின் பலத்தில் அடுத்த வருடம் மாநிலப் போட்டியில் முதலாவதாகவும் வந்தேன். உலக்கைக் கைக்காரியை முந்தியது அன்றுதான்.

இதற்கிடையில் ஒரு வேலைக்கு ஓட்டத் தேர்வு வைத்து ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிய வந்தது. குறிப்பிட்ட நேரத்துக்குள் நானூறு மீட்டரை ஓடி முடிக்க வேண்டும். யார் முந்துகிறார்கள், யார் பிந்துகிறார்கள் என்பது கணக்கில்லை. நேரம் மட்டும்தான். எங்கள் பக்கத்துக்கான ஓட்டத் தேர்வு விழுப்புரத்தில். பயிற்சியாளர் அவளை விண்ணப்பிக்கச் சொன்னார். மாட்டேன் என்றாள். அவள் அம்மா மன்றாடினார். நானும் என் பங்குக்குப் பேஜார் பண்ணினேன். கடைசியில், "நீ வந்தாதான் போவேன்" என்றாள்.

போனேன். உள்ளே ஓடுகிறவர்களுக்கு மட்டும் அனுமதி. கூட வந்திருந்தவர்கள் எல்லாம் கம்பி வேலிக்கு வெளியே. கேட் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எதனா சொல்லுடி," என்றாள்.

"நான் இன்னாடி சொல்றது? எனக்கு இங்க ஒன்னும் தெரியலியே."

"தெரிஞ்சத சொல்லு."

"உன் கை ஐஸு மாதிரி கீது."

சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. "பயமா கீதுடி" என்றாள். இத்தனை நாள் பழக்கத்தில் அவள் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் முறை. என் கையைப் பிடித்திருந்த கட்டைவிரல் அசையவில்லை.

"எனக்கும்தான்," என்றேன். "ஜல்தி போய்ட்டு வா."

போய்விட்டாள். வேலியோரம் நானும் அவள் அம்மாவும் நின்றோம். அவர் மேல் விறகுப் புகையும் சாம்பார்ப் பொடியும் கலந்த வாசம் வந்தது. காலையிலேயே சமையலை முடித்துக் கொடுத்துவிட்டு ஓடி வந்திருக்கிறார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எங்களைச் சுற்றி ஆளாளுக்குத் தங்கள் பெண்ணின் பெயரைக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"கோட்டுல வந்து நிக்கறாங்களாம்மா? நம்ம ஆளு எந்த லேன்ல?" என்று கேட்டேன்.

"தெரியல பாப்பா. நான் கண்ண மூடிக்கினேன்."

"அய்யோ, நீங்க மூடிக்கினா எனக்கு யாரும்மா சொல்லுவாங்க?"

"என்னால பாக்க முடியாது. அன்னிக்கு அவ நின்னத நான் பாத்துட்டேன். இன்னொரு தபா பாக்க மாட்டேன்." என் முழங்கைக்கு மேலே இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார். "நீதான் அவ கூட அத்தினி ஓடியிருக்கியே. அவ காலு சத்தம் உனக்குத் தெரியும். நீ கேட்டு சொல்லு."

துப்பாக்கி வெடித்தது.

காலடிகள் ஒரே கொத்தாகக் கிளம்பி வளைவை நோக்கிப் போயின. கொஞ்ச நேரத்தில் மைதானத்தின் எதிர்ப்பக்கம் போய்விட்டன. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கூச்சல்தான் கேட்டது.

"இன்னா ஆச்சு? நின்னுட்டாளா?" அந்த அம்மாவின் நகம் என் சதையில் இறங்கியது. அவர் உடம்பு முழுதும் ஆடியது. அந்த ஆட்டம் என் தோள் வரை ஏறியது.

"இல்லம்மா. ஓடறா."

"நெஜமாவா?"

"நெஜமாத்தான். நல்லா ஓடறா."

"எத்தினியாவது?"

"மொத மூணு பேருல கீறாம்மா."

எப்படி அது என் வாயில் வந்தது என்று தெரியவில்லை. மைதானத்தில் நான் அதற்கு முன் ஒரு பொய்யும் சொன்னதில்லை. சொன்னதும் அவர் பிடி கொஞ்சம் தளர்ந்தது. அதற்காகவே இன்னொன்றும் சொன்னேன். "பக்கத்துல வர்றவளுக்கு மூச்சு வாங்குது. நம்மாளு அசால்ட்டா வர்றா."

கடைசி வளைவிலிருந்து காலடிகள் எங்கள் பக்கம் திரும்பின. முதலில் வந்தது அவளில்லை. இரண்டாவதும் இல்லை. மூன்று நான்கு பேர் சேர்ந்து கடந்தார்கள். அந்தக் கொத்திலும் அவள் இல்லை. "தோ வந்துட்டாம்மா, முன்னாடி வந்துட்டா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அதற்குப் பின்னால் ஒரு இடைவெளி. வெறும் கூச்சல். அப்புறம் கேட்டது. வலது கால் இடதைவிடச் சற்று அழுத்தமாக விழும் அந்த ஓட்டம். என் பக்கத்தில் அத்தனை நாள் விழுந்த ஓட்டம். சீராக வந்தது.

"அவதான்!" என்று கத்தினேன். அவள் பெயரைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினேன்.

என் சத்தத்தில் அந்த அம்மா கண்ணைத் திறந்துவிட்டார் போலிருக்கிறது.

"எங்கடி முன்னாடி? கடசிக்கு முந்தி வர்றா!" என்றார். அடுத்த மூச்சில் அவர் குரல் உடைந்தது. "ஆனா ஓடி வர்றா பாப்பா. அத்தினி முதுகு முன்னால போவுது, நிக்கல. ஓடித்தான் வர்றா."

நேரத்துக்குள் வந்துவிட்டாள். மயிரிழையில்தான், ஆனாலும் உள்ளே. வேலை கிடைத்தது, வெகு தூரத்து ஊருக்குப் போனாள், எனக்கு வேறு கைடு வந்தாள், நல்ல பெண், உண்மையே பேசுவாள், நானும் ஒருவாறு பழகிக்கொண்டேன். அதெல்லாம் பிறகு.

அன்றைக்கு அவள் நேராக வேலிக்கு வந்தாள். மூச்சு இரைத்து இரைத்து வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து வாந்தி எடுத்தாள். அவள் அம்மா தண்ணீர் பாட்டிலை வேலி இடுக்கில் திணித்துவிட்டு, அழுகையும் சிரிப்புமாகப் புகார் சொன்னார்.

"இவள இன்னான்னு கேளுடி. நீ மொத மூணு பேருல வர்றேன்னு சொல்லிக்கினே இருந்தா. நானும் நம்பிக்கினு நின்னேன்."

அவள் வாய் கொப்பளிப்பதை நிறுத்தினாள்.

"நீயா சொன்னே?"

"உங்கம்மா கை நடுங்குச்சுடி," என்றேன். "வேற இன்னா சொல்றது?"

வேலி இடுக்கு வழியாக ஈரக் கை ஒன்று வந்து, என் தலையைத் தேடி, நங்கென்று ஒரு குட்டு வைத்தது. வைத்த கை அங்கேயே இருந்தது.